கோட்டைக் கழுதைகள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
10 நவம்பர் 2025

வெங்கடேஸ்வரிக்கு,

முதலில் ‘அன்புள்ள’ என்று எழுதினேன். பிறகு அது வேண்டாம் என்று தோன்றியது. அடித்தல் திருத்தலோடு கடிதம் அனுப்பும் பழக்கம் எனக்கு இல்லாததால் வேறு தாள் எடுத்துக்கொண்டேன்.

முழங்காலைத் தவிர எனக்கு எல்லாம் நலம். நீயும் நலம் என்று பால்கோவாக் கடையில் உன் மருமகள் சொன்னாள். நான் கேட்காமலேயே சொன்னாள்.

கழுதைகளைப் பற்றி எழுதுகிறேன். உன் மறதி எனக்குத் தெரியும் என்பதால் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன். கான்வென்டில் ஒன்பதாம் வகுப்புக் கையெழுத்துப் போட்டியில் நம் இருவருக்கும் சேர்த்து முதல் பரிசு கொடுத்தார்கள். எனக்குத் தனியாகக் கொடுத்திருக்க வேண்டியது. அது இருக்கட்டும். சிஸ்டர் வினிஃப்ரெட் தன் பெட்டியிலிருந்து ஆறு போட்டோ தபாலட்டைகளை எடுத்து, ஆளுக்கு மூன்றாகக் கொடுத்தார். அவர் பிறந்த தீவில் இருக்கும் பழைய கோட்டையின் கழுதைகள். வீட்டுக் கூரை உயரத்துக்கு ஒரு மரச் சக்கரம். அதற்குள் கழுதை நடந்தால் சக்கரம் சுற்றி, கிணற்றிலிருந்து வாளி மேலே வரும். “கழுதை இருந்த இடத்திலேயே இருக்கும், தண்ணீர்தான் பயணம் போகும்” என்பார் சிஸ்டர். வருடத்துக்கு ஒருமுறை அட்டைகளை மாற்றிக்கொண்டால் ஆறும் இருவருக்கும் சொந்தம் என்றும் சொன்னார். அதன்படி ஒவ்வொரு தை மாதமும் என் மூன்று ராஜபாளையத்துக்கும் உன் மூன்று இங்கேயும் தபாலில் போய்வந்தன. கல்யாணம், பிள்ளைப்பேறு, எதற்கும் நிற்கவில்லை. நான் உறையை ஒட்டும்போதெல்லாம் என் வீட்டுக்காரர், “கழுதைங்க பொறப்பட்டாச்சா?” என்று கேட்பார்.

ஒன்பது வருடத்துக்கு முன் நின்றது. ஏன் நின்றது என்பதற்குள் இப்போது போக வேண்டாம்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மகள் ரெனிட்டா இந்த வருடம் அந்தக் கோட்டைக்குப் போயிருக்கிறாள். இன்றும் கழுதைகள் இருக்கின்றனவாம். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காகச் சற்று நேரம் நடந்துவிட்டு, மீதிப் பொழுதெல்லாம் புல் தின்கின்றனவாம். கழுதைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியிடம் நம் அட்டைகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அப்படி ஒரு வரிசையை அவர்கள் பார்த்ததே இல்லையாம். கொடுத்தால் சட்டம் போட்டுக் கிணற்றுக் கூடத்திலேயே மாட்டுவார்களாம். ஆறும் பழுதில்லாமல் இருக்கின்றன, அனுப்புகிறோம் என்று நான் சொல்லிவிட்டேன்.

நமக்குப் பிறகு அவற்றை யார் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்? உன் பையன்கள் பழைய பேப்பர் கடையில் போடுவார்கள். என் மகள் பத்திரமாக வைக்கிறேன் என்று எங்கேயாவது வைத்துத் தொலைப்பாள். ரெனிட்டா கிறிஸ்துமஸுக்கு வருகிறாள். அதற்குள் உன்னிடம் இருக்கும் மூன்றையும் அனுப்பிவை. பதிவுத் தபால் இப்போது கிடையாதாம், ஸ்பீட் போஸ்ட்தானாம். அட்டை மடங்காமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அன்னாள் சின்னத்துரை

*

ராஜபாளையம்
19.11.25

ஏட்டி அன்னாள்,

உன் கடிதத்தை முதலில் மருமகள்தான் பிரித்தாள். “அத்தை, பேங்க்ல இருந்து வந்த மாதிரி இருக்கு” என்று நீட்டினாள். கடைசியில் முழுப் பேர் போட்டிருக்கிறாயே, எனக்கு எத்தனை அன்னாளைத் தெரியும்? இந்த ஊருக்கும் உன் ஊருக்கும் நடுவே அரை மணிக்கூறு பஸ். ஒன்பது வருஷம் கழித்து எழுதுகிறாய், அதிலும் என்னை விசாரிக்கவில்லை, கழுதையை விசாரிக்கிறாய். அதுவும் வாக்கை அங்கே கொடுத்துவிட்டுப் பொருளை இங்கே கேட்கிறாய்.

ஆறும் பழுதில்லாமல் இருக்கிறதாமே! ஐந்துக்குப் பழுதில்லை, ஒத்துக்கொள்கிறேன். சாம்சனுக்கு முகம் எங்கே? படத்துக்கு அடியில் பேர் அச்சடித்த ஒரே கழுதை அவன்தான். லாயத்துக் கதவுக்கு மேலாகத் தலையை நீட்டி நம்மையே பார்ப்பானே, அவனுக்கு இப்போது காது இரண்டும் இருக்கிறது, நடுவில் வெள்ளைத் திட்டு. ரப்பர் வைத்துத் தேய்த்தவளுக்குத் தெரியாதா?

அந்தத் தை மாதம் என் மூன்று அட்டைகளும் நெற்றியில் பொட்டோடு வந்தன என்று நீ குதித்தாய். துடைக்கிறேன் என்று முகத்தையே அழித்தாய். அழித்ததற்கும் நான்தான் காரணம் என்று எழுதி, மூன்றையும் என்னிடமே திருப்பி அனுப்பினாய். “படிப்பறியாத கை பட்ட இடம் இப்படித்தான் ஆகும்” என்று ஒரு வரி. கடிதத்தைத் தூரப் போட்டுவிட்டேன். அந்த வரிதான் போகமாட்டேன் என்கிறது.

உன் வீட்டுக்காரர் அடக்கத்துக்கு வந்தேன். நல்ல மனுஷர், எனக்கு அண்ணன் மாதிரி. கேட்டுக்குப் பக்கத்தில் அவ்வளவு நேரம் நின்றேன். நீ பேசவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாய்.

கழுதைகள் இங்கே சௌக்கியமாக இருக்கின்றன. எங்கேயும் வருவதாக இல்லை.

வெங்கடேஸ்வரி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
24 நவம்பர் 2025

வெங்கடேஸ்வரிக்கு,

உன் கடிதத்தில் இருந்த பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்புகிறேன். விடுதியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாம் வீட்டுக்கு எழுதும் கடிதங்களைத் திருத்திக் கொடுத்த சிஸ்டர் இருந்திருந்தால் உன்னுடையதை முழுவதும் மறுபடி எழுதச் சொல்லியிருப்பார்.

நான் குதிக்கவில்லை. குதிக்கிற ஆள் நான் அல்ல. ஆனால் நீயே சொல். ஐம்பது வருடத்துக்கு மேலாக விரல் நுனிகூடப் படாமல் ஓரத்தைப் பிடித்து எடுத்த அட்டைகள். உறையைப் பிரிக்கிறேன், மூன்றிலும் சந்தனம், குங்குமம். அதுவும் கோணலாக. சிஸ்டர் கொடுத்த பரிசு சாமி படமா? உன் வீட்டு வேலைக்காரப் பெண் யாராவது செய்திருப்பாள் என்று நினைத்தேன். அதனால்தான் அந்த வரியை எழுதினேன். பஞ்சை நனைத்துத் துடைத்ததில் இரண்டு அட்டைகள் சரியாகிவிட்டன. சாம்சனுக்கு வைத்திருந்தது பெரிய பொட்டு, போகவில்லை. ரப்பர் எடுத்தேன். கறையோடு விட்டுவைக்க என்னால் முடியாது, அது உனக்குத் தெரிந்ததுதானே. பொட்டு வைக்காமல் இருந்திருந்தால் ரப்பருக்கு என்ன வேலை?

அதற்கு நீ என்ன செய்தாய்? உன்னிடம் வந்திருந்த என் மூன்று அட்டைகளை ஓர் உறையில் போட்டு அனுப்பினாய். உள்ளே ஒரு வரி இல்லை. உறையை உதறிப் பார்த்தேன், தெரியுமா? திட்டியாவது எழுதியிருக்கலாம்.

அடக்கத்தன்று உன் காலைப் பார்த்தது உண்மை. வலது காலில் ரப்பர் செருப்பு, இடது காலில் தோல் செருப்பு. பாதிரியார், பள்ளிக்கூடத்து ஆட்கள் எல்லாரும் நிற்கிற இடத்துக்கு அப்படியா வருவது?

கோட்டைக்காரர்களுக்கு நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். என்னைத் தலைகுனிய வைக்காதே. பொட்டு வைத்தது யார் என்றாவது எழுது.

அன்னாள்

*

ராஜபாளையம்
3.12.25

அன்னாள்,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். அது என் மாமியாரின் கை.

தோட்டத்தில் மோட்டார் வந்து, மாடு முன்னும் பின்னும் நடந்து தண்ணீர் இறைக்கிற கமலை நின்ற பிறகும் அத்தைக்காக ஒரு ஜோடி மாடு வைத்திருந்தோம். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளுக்குப் பொட்டு வைத்தது அவர்தான், வேறு யாரையும் விடமாட்டார். அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால் அந்த ஜோடியையும் கூமாப்பட்டிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். அத்தையிடம் சொல்லித்தான் கொடுத்தோம். தொண்ணூறு வயசில் சொன்னது எங்கே நிற்கிறது? மாட்டுப் பொங்கல் காலையில் தலைக்குக் குளித்து, சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டார். அங்கே என் மகன் காரை நிறுத்தியிருந்தான்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். “காருக்குத்தான் சரஸ்வதி பூசைக்கே வச்சாச்சே. இன்னைக்கு யாருக்கு வைக்க?” என்றார்.

உனக்கு அனுப்புவதற்காக அட்டைகளை மேஜையில் எடுத்து வைத்திருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இது என்னம்மா வேலை செய்யுது?”

“தண்ணி இறைக்குது அத்தை.”

“கமலையா?”

“கமலை மாதிரிதான். சக்கரத்துக்குள்ள நடக்கணும்.”

“சக்கரத்துக்குள்ளயா? அப்பொ பின்னாடி வரவேண்டாம். நல்லதுதான்.” அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். அவருக்கு மனசு இளகினால் தெலுங்குதான் வரும். “பாபம், காடிதகு எவரு பொட்டு பெடதாரு?” என்றார். பாவம், கழுதைக்கு யார் பொட்டு வைப்பார்கள் என்று.

நான் தடுக்கவில்லை. தடுக்க முடியவில்லை என்று எழுதினால் அது பொய். தடுக்கத் தோன்றவில்லை. கிண்ணத்தில் விரலைத் தொட்டுத் தொட்டு மூன்று அட்டையிலும் வைத்தார். சாம்சன் முகம் பெரிசு, அதனால் அவனுக்குப் பெரிய பொட்டு. கோணல்தான். அவருக்கு ஒரு கண்ணில் புரை.

உன் கடிதம் வந்தபோது அத்தை பக்கத்தில்தான் இருந்தார். “ஒன் சிநேகிதி என்ன எழுதிருக்கா? பொட்டு நல்லாருக்காமா?” என்று கேட்டார். “ரொம்ப நல்லாருக்காம்” என்றேன். “அப்பொ அடுத்த வருசமும் வச்சு அனுப்புவோம்” என்றார். ஆடி மாதம் தவறிவிட்டார்.

ஒரு வரி எழுதவில்லை என்கிறாய். அந்த வீட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் உனக்கு என்னத்தை எழுத?

செருப்புக்கும் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்காரர் செய்தி வந்ததும் வாசலில் காலுக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடி வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். கிருஷ்ணன்கோவில் போகிற பையன் ஒருத்தன் அதைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்துவிட்டு, பிறகு ஊர் வரும்வரைக்கும் அழுதேன்.

வெங்கடேஸ்வரி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
11 டிசம்பர் 2025

அன்புள்ள வெங்கடேஸ்வரிக்கு,

மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன். அடித்தபடியே அனுப்புகிறேன். அதில் என்ன இருந்தது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே. நீ பார்ப்பாய்.

படிப்பறியாத கை என்று எழுதினேன். யாருடைய கை என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். உன் அத்தையை எனக்கு நன்றாகத் தெரியும். உன் கல்யாணத்தில் நான் பந்தியில் உட்கார்ந்து குறை சாப்பாட்டோடு எழுந்தபோது, கையைப் பிடித்து உட்கார வைத்து, இலையில் இருந்ததை முழுவதும் சாப்பிட வைத்தார். அந்த வீட்டில் என்னை அதட்டிய ஒரே ஆள். அந்தக் கையைப் பற்றித்தான் அப்படி எழுதியிருக்கிறேன்.

அடக்கத்தன்று உன் முகத்தை ஏன் பார்க்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பார்த்திருந்தால் அத்தனை பேர் முன்னால் அழுதிருப்பேன். உன் இரண்டு செருப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றதால்தான் நேராக நின்றேன். அன்று எனக்கு உதவியது அவை மட்டும்தான்.

உன் மூன்று அட்டைகளையும் கோட்டைக்கு அனுப்பு என்று இனி கேட்கமாட்டேன். ரெனிட்டாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் சாம்சனை ஒருமுறை பார்க்க வேண்டும். நான் அதைச் சரியாகப் பார்க்காமலேயே உறையில் போட்டு ஒட்டினேன்.

அன்னாள்

*

ராஜபாளையம்
20.12.25

ஏட்டி அன்னாள்,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு தரம் அடித்திருக்கிறாய், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கடிதம் முழுவதும் ஒரே இடத்தில்கூட என்னைத் திட்டவில்லை. மேலுக்கு ஏதும் சரியில்லையோ என்று பயந்துவிட்டேன்.

மூன்றையும் அனுப்புகிறேன். மடங்கக் கூடாது என்றாயே என்று மகன் மில்லில் இருந்து பேண்டேஜ் துணி வாங்கிச் சுற்றியிருக்கிறேன். அடிபட்ட கழுதைகள் மாதிரி இருக்கின்றன, கோபித்துக்கொள்ளாதே. போஸ்ட் ஆபீஸில் அந்தப் பிள்ளை, “உள்ள என்ன பாட்டி?” என்று கேட்டது. “கழுதைங்க” என்றேன். “உயிரோட உள்ளதெல்லாம் அனுப்பக் கூடாது” என்று சிரிக்காமல் சொல்லிச்சு. எனக்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆற அமர யோசித்துப் பார்த்தேன். நீ சொல்வதும் சரிதான். என் வீட்டில் பீரோவுக்குள் புழுங்குவதைவிட, சொந்த ஊரில், அவர்கள் நடந்த கிணற்றுப் பக்கத்திலேயே தொங்கட்டும். இரண்டைக் கொடுத்துவிடு. சாம்சனை மட்டும் கொடுக்காதே. முகம் இல்லாமல் அவன் எப்படி ஊருக்குத் திரும்பிப் போவான்? அவனைப் பார்த்துவிட்டு என்னிடமே அனுப்பு.

ஆனால் ஒன்று. ஐந்தும் போய்விட்டால் தை மாதம் நாம் எதை மாற்றிக்கொள்வது? எழுபத்தேழு வயசில் சும்மா நலமா நலமா என்று எழுதிக்கொண்டிருக்க எனக்குக் கூச்சமாக இருக்கும். இதற்கு நீதான் ஒரு வழி சொல்ல வேண்டும், எல்லாவற்றுக்கும் வழி சொல்கிறவள்.

கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்புவாயே, ஒன்பது வருஷமாக வரவில்லை. ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

வெங்கடேஸ்வரி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
6 ஜனவரி 2026

அன்புள்ள வெங்கடேஸ்வரிக்கு,

கேக் வந்திருக்கும். ஓரம் சற்றுக் கருகியது ரெனிட்டாவின் வேலை. அடுப்பைப் பார்த்துக்கொள் என்றால் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் பேண்டேஜைப் பிரிக்கவே வெகுநேரம் ஆனது. ஆறு அட்டைகளையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தேன். இத்தனை வருடத்தில் ஆறையும் ஒன்றாக நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பரிசு வாங்கிய அன்று பார்த்தது. அதன்பிறகு எப்போதும் மூன்றுதான் என்னிடம் இருந்தது, மற்ற மூன்று உன்னிடமோ வழியிலோ இருந்தது. சக்கரத்துக்குள் நடக்கிற கழுதைக்கு நாக்கு லேசாக வெளியே தெரிகிறது. கவனித்திருக்கிறாயா? நான் கவனித்ததில்லை.

ரெனிட்டா முந்தாநாள் புறப்பட்டாள். ஐந்தை எடுத்துப் போயிருக்கிறாள். சாம்சனையும் கேட்டாள். “முகம் போனா என்னம்மா? கதையோட சொன்னா அவங்க இதைத்தான் முதல்ல மாட்டுவாங்க” என்றாள். இருக்கலாம். கொடுக்கவில்லை. கோட்டைக்காரர்களுக்கு ஆறு என்று சொன்ன வாக்கில் ஒன்று குறைகிறது. வாக்குத் தவறியதை என் பெயரிலேயே எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அன்னாள் சின்னத்துரை என்று முழுப் பெயரும் போட்டு.

இனி உன் கேள்வி. தை மாதம் மாற்றிக்கொள்ள ஓர் அட்டை போதும். இந்த வருடம் உன்னிடம் இருந்தால் அடுத்த வருடம் என்னிடம். கழுதை ஒன்றாக இருந்தாலும் நடை நடைதான்.

இத்துடன் சாம்சன் வருகிறான். உறையைப் பிரிப்பதற்கு முன் இதைப் படித்துவிடு. அந்த வெள்ளைத் திட்டை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைத் திருப்பி வரைய எனக்குத் தெரியாது. என்னிடம் சந்தனம், குங்குமம் கிடையாது. பக்கத்து வீட்டில் கேட்கக் கூச்சமாக இருந்தது. உன் பிழைகளைத் திருத்திய சிவப்பு மைப் பேனா மேஜையில் இருந்தது. இரண்டு காதுக்கும் நடுவே அடிக்கோல் வைத்து அளந்து, சரியான மத்தியில், நேராக ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். சின்னதாக அல்ல. முகம் பெரியது.

உன் அத்தையிடம் நீ சொன்னது பொய் இல்லை. பொட்டு நன்றாக இருக்கிறது. ஒன்பது வருடம் தாமதமாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மாட்டுப் பொங்கலன்று காலை பஸ்ஸில் வருகிறேன். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். யாரையும் அனுப்ப வேண்டாம், எனக்கு வழி தெரியும். சாப்பாடு அதிகம் வைக்காதே.

அன்புடன்,
அன்னாள்

*

(தபால் கார்டு)

ராஜபாளையம்
10.1.26

ஏட்டி அன்னாள்,

அடிக்கோல் வைத்து அளந்தாயாக்கும்! தேய்ந்த இடத்தில் மை ஊறி, பொட்டு இடது காதுப் பக்கம் ஓடியிருக்கிறது. கோணல். அத்தை வைத்ததும் அதே பக்கம்தான் கோணல்.

சாம்சனை மேஜையில் சாய்த்து வைத்திருக்கிறேன். மருமகள் பார்த்துவிட்டு, “யாரு அத்தை வச்சது?” என்றாள். நல்லாப் படித்த கை என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நானேதான் வருவேன். இரண்டு காலிலும் ஒரே செருப்பு போட்டுக்கொண்டு வருகிறேன். இந்தத் தடவை முகத்தைப் பார்.

வெங்கடேஸ்வரி